பன்னிரண்டு தட்டு, நாற்பத்தெட்டு டன்

சின்னப்பாலம், பாம்பன்
16.08.2024

காளிராஜ் தம்பிக்கு,

சின்னப்பாலம் கடல்பாசி எடுக்கும் பெண்கள் சங்கத் தலைவி ஜோதிமேரி எழுதுவது. என்னைத் தெரிகிறதா? ஜூன் மாதம் ராமநாதபுரம் கல்யாண மண்டபத்தில், போனில் ஆர்டர் வாங்குவது எப்படி என்று நீங்கள் எங்களுக்குப் பாடம் எடுத்தீர்கள். முன்வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்டே உங்கள் டீயை ஆறவைத்தவள் நான்தான். அன்றைக்குக் கொடுத்த கார்டில் இருந்த விலாசத்துக்கு இதை எழுதுகிறேன்.

இந்தக் காலத்தில் ஏன் கடுதாசி என்று யோசிப்பீர்கள். இனிமேல் உங்கள் போனை நான் தொடுவதாக இல்லை. தொட்டதெல்லாம் ஒப்பந்தம் ஆகிவிடுகிறது. காகிதத்தில் எழுதினால் எழுதியது மட்டும்தான் போய்ச் சேரும்.

நடந்ததைச் சொல்கிறேன். ஆடி அமாவாசைக்கு மறுநாள் மதுரைப் பாசிக் கம்பெனியிலிருந்து உங்கள் புரோகிராம் வழியாக ஒரு ஆர்டர் வந்தது. ஆகஸ்டு பதினாலுக்குள் நாலு டன் மரிக்கொழுந்து என்கிற பாசி வேண்டுமாம். கீழே பச்சையாக ஒரு பட்டன். ஒருவர் சேதி சொல்லிவிட்டால் "வந்துச்சுப்பா" என்று பதில் கொடுப்பதுதான் எங்கள் ஊர் மரியாதை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் அவரை மதிக்கவில்லை என்று ஆகிவிடும். அதனால் தட்டினேன். எங்களிடம் பதினோரு வள்ளம், வள்ளத்துக்கு ஒரு தலைவி. நான் மட்டும் தட்டினால் மற்றவர்கள் மனசு நோகுமே என்று போனைச் சுற்றிலும் கொடுத்தேன். எல்லாரும் ஆளுக்கு ஒரு தட்டு. என் தங்கை மகள் ஜெப்சியும் ஒரு வள்ளத்துத் தலைவிதான்; அவள், முதல் தட்டு மதுரை வரைக்கும் கேட்டிருக்காது என்று இரண்டாவது தடவையும் தட்டினாள்.

நேற்று மாதா திருநாள் பூசை முடிந்து வெளியே வருகிறேன், போனில் நோட்டீஸ். தட்டுக்கு நாலு டன் வீதம் நாற்பத்தெட்டு டன் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு மீறிவிட்டோமாம். செப்டம்பர் இருபதாம் தேதி கூட்டத்தில் கம்பெனி நேராகப் பாசி வாங்கும் சங்கங்களின் பட்டியலிலிருந்து எங்கள் பெயரை அடித்துவிடுவார்களாம்.

நாற்பத்தெட்டு டன்! பாறையையும் பெயர்த்து வைத்துக் கட்டினாலும் வராது தம்பி.

சிரிப்பாகத்தான் எழுதுகிறேன், ஆனால் சிரிக்கிற விஷயம் இல்லை. அந்தப் பட்டியலில் ஏறுவதற்காகத்தான் ஏஜெண்ட் வில்பிரட்டை விட்டு வந்தோம். இருபது வருஷம் அவர் சொன்னதுதான் தரம், அவர் சொன்னதுதான் எடை. "ஜோதி, நீ சொல்றேன்னு வாரோம்" என்று சொல்லித்தான் நூற்றிப் பத்துப் பெண்கள் என் பின்னால் வந்தார்கள். பெயர் போனால் அத்தனை பேரும் மறுபடி அவர் வாசலில் நிற்க வேண்டும்.

இது தப்பா, யார் தப்பு, எப்படிச் சரி செய்வது? பதில் காகிதத்தில் வரட்டும்.

ஜோதிமேரி


சோழிங்கநல்லூர், சென்னை
22.08.2024

பொருள்: வாக்குறுதி எண்கள் 0417 முதல் 0428 வரை மீறப்பட்டது தொடர்பாக.

மதிப்பிற்குரிய திருமதி ஜோதிமேரி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம். இரண்டு நிறுவனங்கள் முகம் பார்க்காமல் கணினி வழியாக வணிகம் செய்யும்போது, யார் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்பதில் பின்னால் தகராறு வரக்கூடாது. அதற்காக, மின்னணு வணிகத் தரநிலைகளைப் பின்பற்றி ஒவ்வொரு வாக்குக்கும் ஒரு படம் வரைகிறோம். வாக்கு முன்வைக்கப்படுகிறது, ஏற்கப்படுகிறது, அதன்பின் நிறைவேறுகிறது அல்லது மீறப்படுகிறது. கணினி இந்தப் படத்தின்படியே நடக்கிறது. பச்சைப் பொத்தான் ஏற்பைக் குறிக்கும். அது பன்னிரண்டு முறை அழுத்தப்பட்டுள்ளது. எனவே அமைப்பில் பிழை ஏதும் இல்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

எனினும் நிறைவேற்ற இயலாமைக்கான காரணத்தைத் தாங்கள் தேர்ந்தெடுத்து அனுப்பினால், கூட்டத்தில் பரிசீலிக்கப்படும். அமைப்பில் உள்ள காரணங்கள் வெள்ளம், வேலைநிறுத்தம், தொற்றுநோய், போர் ஆகிய நான்கு. தங்கள் தேர்வைப் போன் வழியாகவே பதிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
காளிராஜ்
வணிக ஆய்வாளர்

(டீ ஞாபகம் இருக்கிறது. ஆறிப்போனதைத்தான் குடித்தேன்.)


சின்னப்பாலம்
28.08.2024

காளிராஜ் தம்பிக்கு,

உங்கள் கடுதாசியைக் கரையில் எல்லாரையும் உட்காரவைத்து உரக்கப் படித்தேன். நாலு காரணத்தையும் ஓட்டுக்கு விட்டோம். "வில்பிரட்டோட நமக்கு நடக்குறது போருதானத்தா, அதையே போடு" என்றாள் மூன்றாவது வள்ளத்துத் தலைவி நாகலெட்சுமி. ஜெப்சி போனை எடுக்கப் போனாள். கையில் ஒரு அடி போட்டேன்.

எங்கள் காரணம் உங்கள் நாலில் இல்லை. அது நிலா. அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், அப்போதுதான் தண்ணீர் நன்றாக வற்றிப் பாறை கைக்கு எட்டும். மற்ற நாளில் பாசி வளரட்டும் என்று விட்டுவிடுவோம், இது நாங்களே போட்ட கட்டுப்பாடு. ஆகஸ்டு ஏழாம் தேதியோடு எங்கள் ஆறு நாள் முடிந்தது. நீங்கள் பதினாலுக்குள் கேட்டீர்கள். உங்கள் படத்தில் போருக்கு இடம் இருக்கிறது, நிலாவுக்கு இடம் இல்லை. சென்னையில் அது தெரிகிறதா இல்லையா?

இப்போது வாக்கு விஷயம். நீங்கள் மட்டுமா படம் வரைவீர்கள், எங்களுக்கும் ஒரு முறை இருக்கிறது. நாளைக்குக் கடலுக்கு வருகிறவள் இன்றைக்குச் சாயங்காலமே பாசி போடும் தன் வலைப்பையை வள்ளத்தில் போட்டுவிட வேண்டும். அவளவள் கையால்தான் போட வேண்டும், அடுத்தவள் எடுத்துப் போடக்கூடாது. பை கிடந்தால் அவள் வருகிறாள், அவளுக்காக வள்ளம் காத்து நிற்கும். இரவில் காய்ச்சல் என்றால் வள்ளம் கிளம்புவதற்குள் பையை எடுத்துக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் கேட்க மாட்டோம். பையைப் போட்டுவிட்டு வராமலும் பையை எடுக்காமலும் இருந்தால்தான் அது மீறல். வாயால் "வாரேன்" என்று சொல்வது கணக்கிலேயே கிடையாது. அந்த வார்த்தையைத் தெருவில் போகிறவரிடம்கூடச் சொல்கிறோம், சொன்ன பாவத்துக்கு அவர் வீட்டுக்கே போய்விடுகிறோமா?

நாங்கள் உங்கள் பட்டனைத் தட்டியது "வந்துச்சு" என்பதற்கு. யாரும் பை போடவில்லை. உங்கள் படத்தில் "வந்துச்சு" எங்கே இருக்கிறது? அது இல்லாமல் இந்தப் படத்தை வரைந்த புத்திசாலி யார்? பெயர் வேண்டும்.

ஜோதிமேரி


மேடவாக்கம், சென்னை
04.09.2024

ஜோதிமேரி அக்காவுக்கு,

இது ஆபீஸ் கடிதம் இல்லை. வீட்டிலிருந்து, என் சொந்தத் தாளில் எழுதுகிறேன். மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டு நாலாவதாக எழுதுவது.

படத்தை வரைந்த புத்திசாலி நான்தான்.

முதலில் வரைந்தபோது "கிடைத்தது" என்று ஒரு கட்டமும், "ஏற்றுக்கொண்டது" என்று தனியாக ஒரு கட்டமும் இருந்தன. தரநிலைப் புத்தகங்களிலும் இரண்டும் வேறு வேறுதான். தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டுக் கவரை வாங்கினால், உள்ளே எழுதியிருப்பதற்கெல்லாம் சம்மதம் என்று ஆகுமா? அதே விஷயம்தான். ஆனால் படம் ஒரு பக்கத்துக்குள் அடங்கவில்லை. எங்கள் மேலாளர் பானுப்பிரியா மேடம் "ஒரே ஸ்லைடில் வரணும்" என்றார். நான் இரண்டு கட்டத்தையும் ஒன்றாக்கினேன். அவர் அதைச் சொல்லவில்லை அக்கா, எழுத்தைச் சின்னதாக்கச் சொன்னார். எழுத்தைச் சின்னதாக்கினால் அழகாக இல்லை என்று நானாகத்தான் கட்டத்தைத் தூக்கினேன். ஒரே போனில் பல தடவை தட்டினால் ஒன்றாக எண்ண வேண்டும் என்பதையும் அப்போதே விட்டுவிட்டேன். எல்லாரும் அழகாக இருக்கிறது என்றார்கள்.

உங்கள் முதல் கடிதத்தைப் படித்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டேதான் "பிழை ஏதும் இல்லை" என்று எழுதினேன். வேலை போய்விடும் என்ற பயம். அப்படி எழுதியதற்கு வெட்கமாக இருக்கிறது.

நான் உத்தரகோசமங்கைக்காரன். உங்கள் ஊர்ப் பக்கம்தான் என்று பேர், ஆனால் ஏர்வாடியில் சின்ன வயசில் கால் நனைத்ததோடு சரி, கடல் என்றால் எனக்கு நடுக்கம். நிலாவைப் படத்தில் சேர்க்காதது அதனால்தானோ என்னவோ.

இருபதாம் தேதி கூட்டத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் உங்கள் வள்ளத்தையும் பைகளையும் நேரில் வந்து பார்க்கிறேன். கட்டாயம் வருகிறேன்.

காளிராஜ்


சின்னப்பாலம்
09.09.2024

தம்பிக்கு,

உண்மையைச் சொன்னதற்குச் சந்தோஷம். திட்டுவதை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

"கட்டாயம் வருகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து நாள் ஆயிற்று. வரவில்லை. "சொல்லிவிடுகிறேன்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதுவும் வாய்தானே?

இங்கே நிலைமை சரியில்லை. இது தண்ணீர் வற்றாத வாரம், கடலுக்குப் போகாமல் எல்லாரும் கரையில் இருக்கிறோம். வேலை இல்லாத வாய் என்ன செய்யும், என்னைத்தான் மெல்லுகிறது. வில்பிரட் சனிக்கிழமை அல்வாப் பெட்டியோடு வந்தார். "கம்பெனி பேர அடிக்கப் போறானாமே ஜோதி, எனக்கு மனசே கேக்கல" என்று என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து என் காபியையே குடித்தார். அன்றைக்கே மூன்று வள்ளத்துப் பெண்கள் அவர் பக்கம் போய்விட்டார்கள். அதில் நாகலெட்சுமியின் வள்ளமும் ஒன்று. அவளும் நானும் பதினாலு வயசிலிருந்து ஒரே பாறையில் பாசி எடுத்தவர்கள். நேற்றுத் தண்ணீர்க் குழாயில் நின்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பயமாக இருக்கிறது தம்பி. மற்றவர்கள் முன்னால் நான் இதைச் சொல்வதில்லை. தலைவி பயந்தால் வள்ளம் கரையை விட்டு நகராது. உங்களிடம் சொல்கிறேன், நீங்களும் பயந்தாங்கொள்ளி என்பதால்.

இத்துடன் பார்சலில் ஒரு வலைப்பை அனுப்புகிறேன். என் பழைய பை, கழுவித்தான் அனுப்புகிறேன், ஆனாலும் வாடை போகாது. உங்களுக்கு வள்ளம் இல்லை. உங்கள் வாக்கை எங்கே போட வேண்டுமோ அங்கே உங்கள் கையால் போடுங்கள். போட முடியாது என்றால் இருபதாம் தேதிக்கு முன் திருப்பி அனுப்பிவிடுங்கள். கோபப்பட மாட்டேன். ஆள் இல்லை என்று தெரிந்துகொண்டு நாங்கள் வேறு வழி பார்ப்போம்.

ஜோதிமேரி


(அஞ்சலட்டை)
13.09.2024

அக்காவுக்கு,
பை கிடைத்தது. நன்றி.
காளிராஜ்


(அஞ்சலட்டை)
16.09.2024

தம்பிக்கு,
கிடைத்தது என்றால்? இத்தனை பட்ட பிறகும் "கிடைத்தது" என்று மட்டும் எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது? போடுவீர்களா, மாட்டீர்களா?
ஜோதிமேரி


மேடவாக்கம்
21.09.2024

அக்காவுக்கு,

உங்கள் அட்டை பத்தொன்பதாம் தேதி வந்தது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் நேற்றுக் கூட்டத்துக்குப் போனேன்.

கூட்டத்தில் என்னைச் சேர்க்காமல் எட்டுப் பேர். பானுப்பிரியா மேடம், எங்கள் ஆட்கள் ஐந்து பேர், மதுரைக் கம்பெனியின் கொள்முதல் அதிகாரி ஹமீது சுல்தான், அவருடைய உதவியாளர். கதவை மூடி ஏசி போட்டிருந்தார்கள். உங்கள் பையை எடுத்து மேசை நடுவில் என் கையால் போட்டேன். கொஞ்சம் மணல் கொட்டியது. வாடை அந்த அறையை ஒரே நிமிஷத்தில் பாம்பன் ஆக்கிவிட்டது. மேடம் கைக்குட்டையை எடுத்தார். ஹமீது சுல்தான் மட்டும் மூச்சை நன்றாக இழுத்தார். அவரும் கடலோரம்தான், கீழக்கரைக்காரராம். "ஊருக்குப் போயி எட்டு மாசமாச்சு" என்றார்.

முதல் வாக்கியத்தையே இரண்டு தடவை தப்பாகத் தொடங்கினேன். முந்தின நாள் நான் செய்திருந்த ஒரு வேலைதான் காப்பாற்றியது. இந்தக் கூட்டத்துக்காக எல்லாரையும் சேர்த்திருந்த போன் குழுவில் ஒரு சேதி போட்டிருந்தேன்: "21ஆம் தேதி காலை ஐந்தரைக்குப் பாம்பனில் கடலில் இறங்கி ஆளுக்கு நாலு டன் பாசி எடுக்க வேண்டும்." எட்டுப் பேரும், மேடம் உட்பட, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தைத் தட்டியிருந்தார்கள். ஒருவரும் அதை முழுசாகப் படிக்கவில்லை. அதைத் திரையில் போட்டுக் காட்டினேன்.

"முப்பத்திரண்டு டன். ராத்திரி ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கு. எல்லாரும் கிளம்பலாமா?" என்று கேட்டேன்.

"ஏம்ப்பா, பாத்தாச்சுன்னுதானப்பா அதத் தட்டுனேன்!" என்றார் ஹமீது சுல்தான்.

"அவங்களும் அதுக்குத்தான் சார் தட்டுனாங்க" என்றேன். அதன்பிறகு எல்லாம் தானாக வந்தது. கட்டத்தைத் தூக்கியது நான், தெரிந்தும் மறைத்துக் கடிதம் எழுதியது நான் என்று சொல்லிவிட்டேன்.

பன்னிரண்டு வாக்கையும் ரத்து செய்துவிட்டார்கள். மீறல் என்ற பதிவே இல்லை. சின்னப்பாலம் பெயர் பட்டியலில் இருக்கிறது. இனிமேல் இரண்டு பொத்தான், "வந்தது" ஒன்று, "பை போட்டாச்சு" ஒன்று. அந்தப் பெயர் ஹமீது சுல்தான் பிடிவாதமாக வைத்தது. பெயரை மாற்றச் சொல்லி எங்கள் ஆட்கள் ஒன்றரை மணி நேரம் வாதாடியும் அவர் அசையவில்லை. ஒரே போனில் எத்தனை தடவை தட்டினாலும் ஒன்றுதான். வேலை தொடங்கும் முன் பையை எடுத்துக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறோம். தேதியைக் கம்பெனி போடாது, நிலாவைப் பார்த்து நீங்கள் போடுவீர்கள். படம் இரண்டு பக்கம் வருகிறது. மேடமே இரண்டையும் சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்தார்.

எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வேலை போகவில்லை. "ஆபீஸ்ல உக்காந்து படம் வரைஞ்சது போதும்" என்று மேடம் மூன்று மாதத்துக்குக் கடற்கரைக்கு அனுப்புகிறார். ஒவ்வொரு சங்கத்தோடும் கூடவே இருந்து, அவர்கள் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் இனி வரைய வேண்டுமாம். தண்டனையாம். முதல் ஊர் உங்களுடையது.

உங்கள் பையைத் திருப்பி அனுப்புகிறேன், வெறுமையாக இல்லை. உள்ளே ஒரு சட்டை, ஒரு துண்டு, வாந்தி மாத்திரை இரண்டு அட்டை. பாலம் வேலையால் ரயில் மண்டபம் ஸ்டேஷனோடு நிற்கிறதாமே, அங்கிருந்து பஸ் பிடித்து 29ஆம் தேதி ஞாயிறு சாயங்காலம் வந்துவிடுவேன். மறுநாள் உங்கள் அமாவாசைக் கணக்கு தொடங்குகிறது. பையை உங்கள் வள்ளத்தில் போட்டு வையுங்கள்.

காளிராஜ்


சின்னப்பாலம்
26.09.2024

காளிராஜ் தம்பிக்கு,

உங்கள் பை வந்தது. வந்ததை வந்தது என்று சொல்கிறேன், அதற்கு மேல் அர்த்தம் எடுக்க வேண்டாம்.

கடுதாசியை எல்லார் முன்னாலும் படித்தேன். கட்டைவிரல் இடத்தை மட்டும் மூன்று தடவை படிக்கச் சொன்னார்கள். போனிலும் புது ஆர்டர் வந்துவிட்டது. நாலு டன், தேதி போடும் இடம் காலியாக இருந்தது. "வந்தது" என்பதை ஜெப்சிதான் தட்டினாள். ஒரு தடவை தட்டிவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். இன்னொன்றை எல்லாரும் பேசி முடித்துவிட்டுத் தட்டுவோம்.

போன மூன்று வள்ளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாரும் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் போய்க் கூப்பிடவில்லை. நேற்றுச் சாயங்காலம் வள்ளங்களைக் கழுவிச் சரிபார்க்கக் கரைக்குப் போனேன். சங்கத்துப் பதினோரு வள்ளமும் வரிசையாக நிற்கின்றன. கடலுக்குப் போக இன்னும் நாலு நாள் இருக்கிறது, இப்போதே அந்த மூன்று வள்ளத்திலும் பை கிடந்தது. மூன்றாவது வள்ளத்தில் நாகலெட்சுமியின் பை, சிவப்பு முடிச்சுப் போட்டது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். பிறகு வில்பிரட் கொடுத்த அல்வாவை அவள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். நல்ல அல்வா, எதற்குக் கெட வேண்டும்.

இப்போது உங்கள் பை. அதை நான் வள்ளத்தில் போடவில்லை. இத்தனை எழுதியும் அடுத்தவர் பையைப் போடச் சொல்கிறீர்களே, உங்கள் புதுப் படத்திலாவது இதைச் சரியாக வரைந்தீர்களா? ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். சட்டையைத் துவைத்தாயிற்று.

உங்களை ஏற்றுக்கொள்வதா என்று பதினோரு தலைவிகளும் கூடிப் பேசினோம். இதுவரை எந்த ஆம்பளையும் எங்களோடு பாசி எடுக்க வந்ததில்லை. வாந்தி எடுக்கிற ஆள் வேறு. "அவரு மாத்திரை கொண்டாரார், நம்ம இஞ்சி கொண்டு போவம்" என்றாள் நாகலெட்சுமி. என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். கையைத் தூக்கச் சொன்னேன். பதினோரு பேருக்குப் பன்னிரண்டு கை எழும்பியது. ஜெப்சி இரண்டு கையையும் தூக்கியிருந்தாள்.

என் வள்ளத்தில் முன்பக்கம் ஒரு பைக்கு இடம் விட்டிருக்கிறேன். ஞாயிறு சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வந்து, உங்கள் கையால் போடுங்கள்.

ஜோதிமேரி